கேட்டைத் தாண்டிய தவிடு

என் கையைக் கண்டாலே ஏழாங்கட்டைத் தோட்டத்துப் பெண்களுக்கு ஆகாது. ஆக வேண்டும் என்று நானும் எதிர்பார்க்கவில்லை. விடிந்தும் விடியாமல் வேலைக்குக் கிளம்புகிற பெண்களை அத்தாப்பு ஓலைத் தட்டிக்குப் பின்னால் நிறுத்தி, கொண்டையிலிருந்து கொசுவம் வரை தடவிப் பார்த்து, ஒரு பிடி அரிசிகூட வெளியே போகவில்லை என்று சொல்வதுதான் என் உத்தியோகம். காட்டுக்குள் இருந்து வெள்ளைக்காரனோடு சண்டை போடுகிற கொம்னிஸ்காரனுக்குச் சோறு போகக் கூடாதாம். அதற்காகத் தோட்டத்து வரிசை வீடுகளான லயங்களைச் சுற்றி முள்கம்பி போட்டு, ஒரே ஒரு கேட்டு வைத்து, ஆண்களைச் சோதிக்க கார்ப்பரல் நல்லசாமியையும் பெண்களைச் சோதிக்க என்னையும் நிறுத்தியிருந்தார்கள். என் பெயர் அகதா. அவர்கள் வாயில் நான் 'தடவுறவ'.

கோலசிலாங்கூரிலிருந்து போலீஸ் லோரியில் குலுங்கிக் குலுங்கி வந்து இறங்குவேன். என் புருஷன் ராஃபேல் பாசிர் பெனம்பாங்கில் தவுக்கே என்கிற சீன முதலாளி ஒருவனின் மீன்படகில் கூலி. காற்றடித்தால் அவனுக்கு வேலை இல்லை, மழை பெய்தால் இல்லை, தலை வலித்தாலும் இல்லை. பேய்க்கு வாழ்க்கைப்பட்டால் புளியமரம் ஏறித்தானே ஆக வேண்டும்? நான் போலீஸ் லோரியில் ஏறினேன். ஐம்பத்திரண்டாம் வருஷம் அது. கிடைத்த வேலையைப் பார்த்து முகம் சுளிக்கிற காலம் இல்லை.

தடவித் தடவி ஒன்று தெரிந்துகொண்டேன். வாய் என்ன சொன்னாலும் உடம்பு உண்மையைத்தான் சொல்லும். எவளுக்கு நாள் தள்ளிப்போயிருக்கிறது, எவளுக்கு இடுப்பு பிடித்திருக்கிறது, எவள் ராத்திரி சாப்பிடாமல் படுத்தாள் என்பதெல்லாம் அவள் புருஷனுக்கு முன்னால் என் கைக்குத் தெரிந்துவிடும். தெரிந்ததை வெளியே சொன்னதில்லை. என் வேலை அரிசி தேடுவது, அவ்வளவுதான் என்று இருந்தேன்.

காளியம்மா வரும்வரை அப்படித்தான் இருந்தேன்.

அவளுக்கு எட்டு வயது இருக்கும். அப்பன் இருசப்பன் பால்மரம் வெட்டுகிறவன், அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுக்கிறவன். மரத்தில் பால் வடிகிற கிண்ணத்தை மங்கு என்பார்கள். அந்த மங்குகளைத் துடைத்து வைக்க மகளைக் கூட்டிக்கொண்டு போவான். பள்ளிக்கூடம் போகிற வயதில் பிள்ளை மங்கில் காய்ந்துபோன ஒட்டுப்பால் நாற்றத்தோடு வரிசையில் நிற்பாள். குழந்தை என்றாலும் சோதிக்க வேண்டும் என்பது உத்தரவு. அன்றைக்கு அவள் முதுகில் கை வைத்தேன். "ஸ்ஸ்" என்று உள்ளே இழுத்துக்கொண்டாள்.

"அக்கா, மெதுவா தடவுங்க."

சட்டையைத் தூக்கிப் பார்த்தேன். பிரம்பு விழுந்த இடமெல்லாம் பழையது கறுத்தும் புதியது சிவந்தும் வரிவரியாகத் தடித்திருந்தது. விலா எலும்பு ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது.

"யாருடி அடிச்சா?"

"விழுந்துட்டேன்."

"எங்கேருந்து?"

கொஞ்சம் யோசித்தாள். "படியிலேருந்து."

"லயம் தரையோட தரையா இருக்கு. அதுல ஏதுடி படி?"

"அப்ப மரத்துலேருந்து" என்றாள். பொய் சொல்லக்கூட அந்தப் பிள்ளைக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை.

வெளியே வந்து நல்லசாமியிடம் சொன்னேன். அவர் ஆண்கள் வரிசையில் ஒருவனுடைய சைக்கிள் குழாய்க்குள் குச்சியை விட்டுக் குடைந்துகொண்டிருந்தார். நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

"அரிசி இருந்துச்சா?"

"அரிசி இல்ல அண்ணே, முதுகு பூரா..."

"அரிசி இல்லல்ல? அப்ப அனுப்பு."

எனக்கு உச்சந்தலை வரை ஏறியது. அரை மங்கு அரிசி அந்தப் பிள்ளையின் பாவாடையில் இருந்திருந்தால் ஜீப் வந்திருக்கும், பெரிய துரை வந்திருப்பார். முதுகில் தோல் இல்லை என்றால் ஒரு நாய்கூட வராது. நல்லா இருக்கிறது நியாயம்!

வரிசை முடிந்ததும் ஆயாக் கொட்டகைக்குப் போனேன். வேலைக்குப் போகிறவர்கள் கைக்குழந்தைகளை விட்டுப்போகிற இடம் அது. அதைப் பார்த்துக்கொள்கிற ஆயா வேலம்மா, நாற்பது வயதுக்காரி, விதவை, பிள்ளை இல்லாதவள். கொட்டகைக்குப் பின்னால் கோழி வளர்த்தாள். தூளியில் கிடந்த ஒன்றைக் காலால் ஆட்டிக்கொண்டே இன்னொன்றுக்குக் கஞ்சி புகட்டிக்கொண்டிருந்தாள்.

"இருசப்பன் மகள யாரு அப்படி அடிக்கிறது வேலம்மாக்கா?"

"பெத்தவன் கண்டிக்கிறான். அடிக்கிற கைதான் அணைக்கும் லா."

"அணைச்சத எவ பாத்தா?"

அவள் தூளியை வேகமாக ஆட்டினாள். நான் விடவில்லை. "உங்க லயத்துச் சுவரு கூரை வரைக்கும் போகல. ஒருத்தன் தும்முனா நாலு வீட்டுலேருந்து தீர்க்காயுசு சொல்றீங்க. இந்தப் புள்ள கத்துறது மட்டும் ஒருத்தி காதுலயும் விழலியா?"

"அவ கத்த மாட்டா" என்றாள் வேலம்மா. கஞ்சிக் கரண்டி அவள் கையில் அப்படியே நின்றது. "மொதல்ல கத்துவா. இப்ப பிரம்பு சத்தம் மட்டுந்தான் கேக்குது."

பிறகு விஷயத்தைச் சொன்னாள். காளியம்மாவுக்குப் பிறகு பிறந்த இரண்டு பிள்ளைகளும் தங்கவில்லை. இரண்டாவது பிள்ளையோடு தாயும் போய்விட்டாள். இந்தப் பெண்ணின் ராசிதான் வீட்டைத் தின்றுவிட்டது என்று இருசப்பன் முடிவு கட்டிவிட்டான். கள்ளு உள்ளே போனால் ராசி ஞாபகம் வரும், பிரம்பு கைக்கு வரும். மற்ற நேரத்தில் அவளே சோறாக்கி, தண்ணீர் பிடித்து, மங்கு துடைத்து, அவன் துணி துவைக்க வேண்டும்.

"கேட்டுக்கிட்டுச் சும்மாவா இருக்கீங்க?"

"கேக்கப் போன அடுத்த வீட்டு நல்லதம்பி மண்டையில வெட்டுக்கத்திய ஓங்கிட்டான். நீ நாளைக்கு லோரி ஏறிப் போயிருவ. நாங்க அவன் பக்கத்துச் சுவருல படுக்கணும்."

அந்த ஞாயிற்றுக்கிழமை கேட்டு வேலையை முடித்துவிட்டுப் போய், கோலசிலாங்கூர் மாதா கோயிலில் பூசை முடிந்ததும் எர்னஸ்ட் சாரைப் பிடித்துக்கொண்டேன். சமூக நல இலாகாவுக்குப் புதிதாக வந்தவர். எங்கள் கோயில்காரர்தான். ஒல்லியாக, கண்ணாடி போட்டு, பேசும்போது தொப்பியை இரண்டு கையாலும் சுழற்றிக்கொண்டே இருப்பார். நான் சொல்லி முடிக்கும் முன்பே அந்தத் தொப்பி நின்றுவிட்டது. "நாளைக்கே வர்றேன்" என்றார். வந்தார். நல்ல மனுஷன்தான். ஆனால் அரசாங்க ஜீப்பில் வந்தார்.

அங்கேதான் எல்லாம் கெட்டது. போன வருஷம் இதே மாதிரி ஒரு ஜீப் வந்து, ஒரு கேள்வி கேட்டுவிட்டு அனுப்பிவிடுகிறோம் என்று காளியண்ணன் என்பவனைக் கூட்டிப்போனது. அவன் திரும்பி லயத்துக்கு வரவில்லை. பெண்டாட்டி பிள்ளையோடு நாகப்பட்டினத்துக்குக் கப்பல் ஏற்றிவிட்டார்கள். அதிலிருந்து ஜீப் சத்தம் கேட்டால் அந்த லயத்தில் சமையல்கூட நின்றுவிடும். லயத்துக்காரர்கள் எர்னஸ்ட் சாரைத் துப்பறிய வந்த போலீஸ் என்று நினைத்தார்கள். இருசப்பன் எப்படிப்பட்டவன் என்று அவர் கேட்டதும், அவனைக் காப்பாற்றுகிறோம் என்று எண்ணிக்கொண்டு, தங்கமான ஆள் என்று வாய் கூசாமல் சொன்னார்கள். பிள்ளை முதுகு? மரத்திலிருந்து விழுந்தாளாம். பார்த்தீர்களா? ஆமாம், பார்த்தார்களாம். வேலம்மாகூட தலையைக் குனிந்துகொண்டு "தெரியாதுங்கய்யா" என்றாள். வாயில் கொழுக்கட்டையா வைத்திருக்கிறீர்கள் என்று நான் கத்தினேன். கதவுகள் சாத்திக்கொண்டன.

எர்னஸ்ட் சார் ஜீப்பில் ஏறும்போது சொன்னார்: "பிள்ளையக் காப்பாத்த சட்டம் இருக்கும்மா. ஆனா நீங்க காயத்தப் பாத்தீங்க, அடிச்சதப் பாக்கல. அடிச்சான்னு சொல்ல இந்த லயத்துலேருந்து ஒரு வாய் வேணும். அப்புறம், பிள்ளைய வெச்சுக் காப்பாத்த ஒரு தகுந்த ஆள் வேணும். ரெண்டும் இருந்தா நான் மாஜிஸ்திரேட்டுகிட்ட உத்தரவு வாங்கிடுவேன்."

"இல்லன்னா?"

"இல்லன்னாலும் விட மாட்டேன். ஆனா நாளாகும்."

நாளாவதற்கு இருசப்பன் காத்திருக்கவில்லை. அடுத்த நாள் காலை காளியம்மா வரிசைக்கு வந்தபோது இடது கையை வலது கையால் தாங்கிப் பிடித்திருந்தாள். நான் அவளைத் தடவவே இல்லை. தட்டிக்குப் பின்னால் நிற்கவைத்து, கொண்டுவந்திருந்த ரொட்டியைக் கொடுத்தேன். அவள் மென்று விழுங்குகிறவரை அரிசி தேடுகிற மாதிரி சும்மா நின்றேன். வெளியே போகும்போது வாயைத் துடைத்துவிட்டேன். ரொட்டித் தூளும் உணவுதானே, கேட்டுக்கு வெளியே போகக் கூடாதே!

பின்னால் வந்தவள் என் முகத்துக்கு நேராகச் சொன்னாள்: "ஜீப்பக் கூட்டியாந்தது நீ. அடி வாங்குனது அவ. சந்தோசமா?"

அன்று முழுக்க ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. கேட்டுக்கும் தட்டிக்கும் நடந்து நடந்து செருப்பு அறுந்தது. சாயங்காலம் இன்னொரு செய்தி வந்தது. தோட்டத்தை விட்டு விலக எழுதித் தருகிற பத்துச்சீட்டை இருசப்பன் கேட்டுவிட்டான். கணக்கு முடித்துக்கொண்டு வரும் திங்கட்கிழமை ரவாங் பக்கம் ஒரு தோட்டத்துக்குப் போகிறான். அங்கே அவனுக்கு இரண்டாம் தாரம் பேசியிருக்கிறார்கள். போகிற இடத்தில் காளியம்மாவை யாருக்குத் தெரியும்? ரவாங் வேறு ஜில்லா, எர்னஸ்ட் சார் கை எட்டாது, என் கையும் எட்டாது. ராஃபேல் அன்றைக்குப் பொரித்து வைத்த மீனை நான் தொடவில்லை. "யாரு புள்ளைக்கோ நீ ஏண்டி எரியுற?" என்றான். யாரோ பிள்ளை, யாரோ பிள்ளை என்று ஊரே சொல்லிச் சொல்லித்தான் அவள் முதுகு இப்படி ஆனது என்று கத்திவிட்டுப் படுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. முள்கம்பி போட்டபோது மாரியம்மன் கோயில் கம்பிக்கு வெளியே மரங்களுக்கு நடுவில் மாட்டிக்கொண்டது. ஞாயிறு காலை மட்டும் துப்பாக்கிக்காரர் காவலோடு போய்க் கும்பிட்டுவிட்டு வர அனுமதி. படையலுக்குப் பொங்கல் கிடையாது. பூவும் சூடமும் மட்டும் போகலாம். அன்றைக்கு வழக்கத்துக்கு மாறாக லயமே திரண்டு வந்தது. ஆண்கள் வரிசையில் இருசப்பன் வெள்ளைச் சட்டை போட்டு நின்றான். பெண்கள் வரிசையில் காளியம்மா தலைக்கு எண்ணெய் வைத்து நின்றாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

வேலம்மாவின் முறை வந்தது. என் கை அவள் மடிக்குப் போனது. சேலைக்குள் ஒரு துணி முடிச்சு இருந்தது. மெத்தென்று, பொடியாக, ஒரு கைப்பிடிக்கு மேல் இருந்தது.

முடிச்சைப் பிடித்துக்கொண்டே கேட்டேன்: "அடிப் பாவி, காட்டுக்கா கொண்டுபோற? கொட்டகைப் புள்ளைங்களுக்குக் கஞ்சி ஊத்துற கையா இது?"

"மெதுவா பேசும்மா. அரிசி இல்ல. தவிடு."

"கோயிலுக்கு எதுக்குத் தவிடு? கோழியா மேய்க்கப் போற?"

"புள்ள வாங்கப் போறேன்."

அவள் என் காதோடு சொன்னாள். ராசி இல்லாத பிள்ளை, தங்காத பிள்ளை என்றால் சாமி முன்னால் நிறுத்தி இன்னொருத்திக்குத் தவிட்டுக்கு விற்றுவிடுவார்களாம். விற்ற நிமிஷத்திலிருந்து அது வாங்கினவள் பிள்ளை. பெற்றவன் அதன் மேல் கை வைக்க முடியாது, வைத்தால் அம்மன் சும்மா விடமாட்டாள். லயத்துப் பெண்கள் எல்லாரும் சேர்ந்து போய் இருசப்பனிடம் பேசியிருக்கிறார்கள். புதுப்பெண்டாட்டி கட்டப்போகிறாய், இந்த ராசியையும் மூட்டை கட்டிக்கொண்டா போவாய், விற்றுத் தொலைத்துவிட்டுப் போ என்று. ஒருத்தியும் அவனைக் குற்றம் சொல்லவில்லை. பழியை எல்லாம் ராசி மேலே போட்டுவிட்டார்கள். அவனும் தலையாட்டிவிட்டான்.

"பிள்ளைய விக்கிறதா? அவ என்ன ஆடா?" எனக்கு அப்போதும் ஆத்திரம் அடங்கவில்லை. எங்கள் கோயிலில் இதையெல்லாம் மூடத்தனம் என்பார்கள். "அவ ராசிதான் கெட்டதுன்னு நீங்களும் சொல்றீங்களா?"

"நான் சொல்வனா? அவ ராசி தங்கம்டி. ஆனா அவன் நம்புறான்ல, அது போதும் எனக்கு." வேலம்மாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. "அடுத்த வீட்டுப் புள்ளைய அடிக்கிறான்னு சர்க்காருகிட்ட சொல்ல எங்களுக்கு வாய் வராது. எனக்குப் புள்ள வேணும்னு கேக்க வாய் வரும். நாளைக்கு அவன் கூட்டிட்டுப் போயிட்டா, அவ செத்துருவா. இன்னைக்கு மட்டும் தவிட்டப் போக விடு, அப்புறம் வேணும்னா என்னைய ஜெயில்ல போடு."

வெளியே நல்லசாமி கத்தினார். "என்னா அகதா, அங்க பிரசவமா பாக்குற?"

ஏசுவே என்று ஒரு கணம் கண்ணை மூடினேன். மறைத்து அனுப்பலாம். பாதி வழியில் முடிச்சு அவிழ்ந்து விழுந்தால் வேலம்மா ஜெயில், நான் ஜெயில், பிள்ளை ரவாங்கில். அந்த முடிச்சை அவள் மடியிலிருந்து உருவினேன். வேலம்மா சத்தமில்லாமல் வாயைப் பொத்திக்கொண்டாள். அதை எல்லார் கண்ணுக்கும் தெரிகிற மாதிரி உயரப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தேன்.

"அண்ணே, தவிடு. கோயில்ல ஒரு புள்ளைய விக்கிறாங்க. தோட்டத்துல பொறந்த மனுசன்தானே நீங்க, என்னன்னு உங்களுக்குத் தெரியும்."

நல்லசாமி தவிட்டைப் பார்த்தார், வேலம்மாவைப் பார்த்தார், கடைசியில் தலைக்கு எண்ணெய் வைத்து நின்ற காளியம்மாவைப் பார்த்தார். "சாப்பாட்டு சாமான் வெளிய போகக் கூடாது. உத்தரவு."

"போகட்டும், உங்க துப்பாக்கியும் கூடவே போகட்டும். நானே கையில தூக்கிக்கிட்டு வர்றேன். தவிட்ட வாங்குறவன் அதை மறுபடி உள்ள கொண்டாந்துருவான். உள்ள வர்றதுக்கு எந்த உத்தரவும் தடை இல்லல்ல?"

அவர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "உன்னோட பெரிய ரோதனையா போச்சு" என்றார். ஆனால் நடந்தார்.

கோயில் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. தகரக் கூரை, நாலு தூண், மஞ்சள் பூசிய அம்மன். காளியம்மாவை முன்னால் நிறுத்தினார்கள். பச்சைப்பிள்ளை என்றால் முறத்தில் போடுவார்கள்; இவள் வளர்ந்தவள் என்பதால் முறத்தைக் கீழே போட்டு அதன் மேல் நிற்கச் சொன்னார்கள். அடிபட்ட கையைத் தாங்கிக்கொண்டு அவள் அதில் ஏறி நின்றாள். முறம் உடைந்துவிடுமோ என்று பயந்து பயந்து மூச்சைப் பிடித்துக்கொண்டாள். உடையவில்லை. அவள் உடம்பில் அதற்கு எடை ஏது?

நான் தவிட்டை வேலம்மா கையில் கொடுத்தேன். அவள் இருசப்பன் முன்னால் நீட்டினாள். "அம்மன் சாட்சியா கேக்குறேன். இந்தப் புள்ளைய எனக்குக் குடுக்குறியா?"

இருசப்பன் நல்லசாமியின் துப்பாக்கியைப் பார்த்தான், பிறகு மகளைப் பார்த்தான். கொடுக்காமல் போய்விடுவானோ? லயமே அவனை விழுங்குகிற மாதிரிப் பார்த்துக்கொண்டிருந்தது.

"குடுத்துட்டேன்" என்றான். வேட்டி முனையை ஏந்தினான். தவிட்டு முடிச்சு அதில் விழுந்தது.

வேலம்மா பிள்ளையை அப்படியே அள்ளித் தூக்கினாள். "இனிமே இது யாரு புள்ள?" என்று கேட்டாள். "உம் புள்ள!" என்று பெண்கள் எல்லாரும் சேர்ந்து சொன்னார்கள். விற்ற பிள்ளைக்குப் பெயர் மாற்றுவது வழக்கமாம். என்ன பெயர் வேண்டும் என்று வேலம்மா கேட்டாள். "காளின்னே கூப்புடுங்க" என்றாள் அவள், தோளில் முகத்தைப் புதைத்தபடி. "அம்மா வெச்ச பேரு."

திரும்பும் வழியில் வேலம்மா எனக்கு ஒரே ஒரு விஷயம் சொன்னாள். "அவன் தவிட்டத் திருப்பிக் குடுக்காம இருக்கணும். தவிடு திரும்புனா புள்ளையும் திரும்பணும். அதான் மொறை. நாளைக்கு அவன் லோரி ஏறுற வரைக்கும் எனக்கு உசுரு உசுரா இல்ல."

அன்று மத்தியானமே எர்னஸ்ட் சார் வீட்டுக்கு ஓடினேன். கேட்டார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி மாட்டினார். "சட்டத்துல தவிடு செல்லாது. ஆனா அந்தம்மா தகுந்த ஆளுன்னு இவ்வளவு பேர் முன்னால ஊரே சொல்லியிருக்கு. அது செல்லும்" என்றார். "நாளைக்குக் காலையில முத வேலையா மாஜிஸ்திரேட்டப் பாத்துட்டு மத்தியானம் வந்துருவேன். அது வரைக்கும் அப்பன் பிள்ளையக் கேட்டா, அவனைத் தடுக்க என்கிட்ட ஒரு காகிதமும் இல்ல. எப்படியாச்சும் சமாளிங்க."

எப்படியாவது சமாளியுங்கள்! சொல்வது சுலபம். திங்கட்கிழமை விடிகாலை நான் கேட்டில் நிற்கவில்லை, துடித்துக்கொண்டிருந்தேன். பெண்கள் வரிசை நகர்ந்தது. என் கை அவர்களைத் தடவியது, கண் மட்டும் ஆண்கள் பக்கம் இருந்தது. கேட்டுக்கு வெளியே ரவாங் லோரி உறுமிக்கொண்டு நின்றது. இருசப்பன் தகரப்பெட்டியோடும் சுருட்டிய பாயோடும் வந்தான். அவன் தனியாக வந்ததைப் பார்த்து எனக்குப் பாதி உயிர் வந்தது.

நல்லசாமி பெட்டியைத் திறந்தார். துணிகளுக்கு நடுவிலிருந்து ஒரு முடிச்சை எடுத்தார். அதே முடிச்சு.

"இது வெளிய போகக் கூடாது" என்றார், பழக்கதோஷத்தில்.

"தெரியுங்க. அதான் கொண்டாந்தேன்." இருசப்பனின் குரல் எல்லாருக்கும் கேட்டது. "நீங்களே புடிச்சு வெச்சுக்குங்க. நான் குடுத்தா வேலம்மா வாங்க மாட்டா, நீங்க குடுத்துருங்க. தவிடு திரும்பிருச்சு, எம் புள்ளைய வரச் சொல்லுங்க."

வரிசையில் ஒருத்தி "ஐயோ" என்றாள். கொட்டகை வாசலில் வேலம்மா காளியம்மாவை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நேத்து ராத்திரி பூரா தூக்கமே இல்லண்ணே" என்றான் இருசப்பன். "வீடு வெறிச்சுன்னு இருந்துச்சு."

உண்மையைச் சொல்கிறேன், அந்த ஒரு வார்த்தைக்கு என் மனசு கொஞ்சம் இளகியது. அவன் முகம் நிஜமாகவே வெளுத்திருந்தது. பெற்றவன்தானே, ஒருவேளை திருந்திவிட்டானோ?

"காலையில ஒரு வாளித் தண்ணி புடிக்கக்கூட ஆளு இல்ல" என்றான் அடுத்து.

போதும். என் மனசு இருந்த இடத்துக்குத் திரும்பி வந்தது.

நல்லசாமி முடிச்சைக் கையில் வைத்துக்கொண்டு விழித்தார். உத்தரவுப்படி பார்த்தால் அது கேட்டிலேயே தங்க வேண்டும். தங்கினால் முறைப்படி பிள்ளை போக வேண்டும். பிள்ளையின் கதி இரண்டு விரல் நடுவில் தொங்கிக்கொண்டிருந்தது. லோரிக்காரன் ஹாரன் அடித்தான். நான் தட்டியைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தேன்.

"அண்ணே! அரிசி இருந்துச்சா?"

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "அரிசி இல்ல. இது..."

"அரிசி இல்லல்ல?" என்றேன். "அப்ப அனுப்பு."

அவருக்கு ஞாபகம் வந்துவிட்டது. முகத்தில் அது தெரிந்தது. முடிச்சைப் பெட்டிக்குள் வைத்தார், துணியை மேலே போட்டார், மூடினார், கொக்கியை மாட்டினார். பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு போய் லோரியில் வைத்தார்.

"போய்ச் சேரு" என்றார்.

"அண்ணே, அது என்..."

"உன்னதுதான். நல்லா வித்து வாங்கின தவிடு. பத்திரமா கொண்டு போ."

இருசப்பன் கேட்டைப் பார்த்தான், எங்களைப் பார்த்தான். பெண்கள் வரிசை கலைந்து கேட்டுக்குக் குறுக்கே நின்றிருந்தது. யாரும் சொல்லி அவர்கள் அப்படி நிற்கவில்லை. அவன் லோரியில் ஏறினான். லோரி ஈஜோக் சாலையில் திரும்பி மறையும்வரை ஒருத்தியும் நகரவில்லை. அந்த வருஷங்களில் என் கண்முன்னால் அந்தக் கேட்டைத் தாண்டிப் போய்த் திரும்பாத தீனி அது ஒன்றுதான்.

அப்புறம் வரிசை மறுபடி வந்தது. அடுத்தவள் கையைத் தூக்கி நின்றாள். ஜீப்பைக் கூட்டிவந்தாய் என்று என்னை ஏசியவள்தான். "என்னா பாக்குற, தடவு" என்றாள். "கூச்சம் வருது, சீக்கிரம்." சிரித்துவிட்டேன். அந்தக் கேட்டில் நான் சிரித்தது அதுதான் முதல் தடவை.

மத்தியானம் ஜீப் வந்தது. வழக்கம்போல லயம் கப்சிப் என்று ஆனது. எர்னஸ்ட் சார் இறங்கினார், தொப்பியைச் சுழற்றிக்கொண்டு, ஆள் இல்லாத வாசல்களைப் பார்த்துப் பொதுவாகக் கேட்டார்: "அந்தப் பிள்ளைய அடிச்சதப் பாத்தவங்க யாராச்சும் இருக்கீங்களா?"

மறுபடியும் அதே தெரியாதுங்கய்யாவா?

கொட்டகையிலிருந்து வேலம்மா வந்தாள். இடுப்பில் ஒரு குழந்தை, பக்கத்தில் முந்தானையைப் பிடித்தபடி காளியம்மா. ஜீப்புக்கு இரண்டடி முன்னால் வந்து நின்றாள். இந்தத் தடவை தலையைக் குனியவில்லை.

"எம் புள்ளைய அடிச்சதப் பத்தித்தானே கேக்குறீங்க?" என்றாள். "உக்காருங்கய்யா, சொல்றேன். நெறைய இருக்கு."

அவள் சொல்ல ஆரம்பித்ததும் முதலில் ஒரு கதவு திறந்தது.